நியூயார்க் துறைமுகத்தில் ரவுடி ராஜ்ஜியம்: காரணம் ஆள் அல்ல, அமைப்பே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

"நியூயார்க் துறைமுகத்தைக் குற்றக் கும்பலிடம் ஒப்படைத்தது ஆட்களா, அமைப்பா?" இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் ஒரு பெயர்ப் பட்டியலை வாசித்தார். மாஃபியா தலைவர்கள் ஆல்பர்ட் அனஸ்தாசியா, லக்கி லூசியானோ, துறைமுக ரவுடி 'ஒன்றரைக்கண்' ஜான் டன். இந்தப் பாவிகள் பிறக்காமல் இருந்திருந்தால் துறைமுகம் கோயில் பிரகாரம் மாதிரி இருந்திருக்கும் என்றார். கைதட்டலும் வாங்கினார். ஆனால் 1930, 40-களில் காலை 7.55-க்குத் துறைமேடை வாசலில் என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை சொன்னாரா? நான் சொல்கிறேன்.

கப்பல் வந்திருக்கிறது. விசில் ஊதுகிறார்கள். வேலை தேடி வந்தவர்கள் கங்காணியைச் சுற்றி லாடம் போல வளைந்து நிற்கிறார்கள். ஒரு குழுவுக்குச் சுமார் 20 பேர்தான் வேண்டும். நிற்பவர்களோ அதைப்போல் பல மடங்கு. கங்காணி விரலை நீட்டி "நீ, நீ" என்கிறார். இதற்குப் பெயர் 'ஷேப்-அப்'. கிடைப்பது அரை நாள் வேலை. மதியம் மறுபடி விசில், மறுபடி வளையம். இன்று எடுத்தவரை நாளை எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது.

இப்போது கூட்டலைப் போடுங்கள். ஆள் அதிகம், வேலை குறைவு, முடிவெடுப்பது ஒருவர், எழுத்தில் எந்த விதியும் இல்லை. அங்கே மாமூல் முளைக்காமல் வேறு என்ன முளைக்கும்? காதில் பல்குச்சி செருகி நின்றால், கூலியில் பங்கு தர நான் தயார் என்று கங்காணிக்கு அடையாளம். கையில் காசில்லாதவருக்குக் கந்துவட்டிக்காரர் பக்கத்திலேயே நிற்பார்: 5 டாலர் வாங்கினால் 6 டாலராகத் திருப்ப வேண்டும். கடன் வாங்கியவருக்குத்தான் அடுத்த விசிலில் வேலை, ஏனென்றால் கடன் திரும்பி வர வேண்டுமே! வேண்டாத கடனையும் வாங்கினார்கள் ஐயா, வேலைக்காக. சம்பளப் பட்டியலில் பேர் இருக்கும், கப்பலில் ஆள் இருக்காது. அந்தப் பேருக்கான கூலி யார் பைக்குப் போனது என்று கேட்கத் துணிந்தவர் குறைவு.

கேட்டவர் ஒருவர் இருந்தார். புரூக்ளினில் பீட்டர் பான்டோ என்ற இளைஞர் இந்த முறையை எதிர்த்துத் தொழிலாளர்களைத் திரட்டினார். 1939 ஜூலையில் காணாமல் போனார். 1941-ல் நியூஜெர்சியில் சுண்ணாம்புக் குழியிலிருந்து உடலை எடுத்தார்கள்.

அடுத்து லாரி. மன்ஹாட்டனின் துறைமேடைகள் குதிரைவண்டிக் காலத்து அளவில் கட்டியவை. ஹட்சன் கரையோரத் தெருக்கள் குறுகல். பெரும்பாலான மேடைகளுக்கு ரயில் பாதை நேராக வராது. ஆக, சரக்கில் பெரும்பகுதி லாரியில்தான் வெளியேற வேண்டும். லாரி வரிசையில் மணிக்கணக்கில் நிற்கும். நிற்கும் ஒவ்வொரு மணிக்கும் முதலாளிக்கு நஷ்டம். மேடைத் தரையிலிருந்து லாரியின் பின்பலகை வரை சரக்கைத் தூக்கிவைக்கும் அந்தச் சில அடி தூரம் இருக்கிறதே, அதைத்தான் கும்பல் பிடித்தது. அந்தத் தூரத்துக்கு எடைக்கு இவ்வளவு என்று ரேட். டிரைவரே தன் உதவியாளோடு தூக்கி ஏற்றினாலும் ரேட் ரேட்தான்! தராவிட்டால் உங்கள் லாரியின் முறை வராது. ஏற்றியிருப்பது வாழைப்பழமாக இருந்தால் யார் முதலில் பணிவார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

எதிரணி டன்னைக் காட்டுகிறது. காட்டட்டும், அந்த வழக்கே எங்கள் சாட்சி. 1947 ஜனவரியில் ஆண்டி ஹின்ட்ஸ் என்பவரைச் சுட்டார்கள். யார் அவர்? மன்ஹாட்டனில் ஒரு துறைமேடையின் கங்காணி. டன்னுக்கு வேண்டியது அந்த மேடை, ஹின்ட்ஸ் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு விசிலுக்காகக் கொலை நடக்கிறது என்றால், அந்த விசிலின் விலை என்ன? அந்த விலையை வைத்தது டன்னா, விசிலைத் தனியொருவர் கையில் கொடுத்த முறையா?

டன்னை 1949-ல் மின்சார நாற்காலியில் உட்கார வைத்தார்கள். லூசியானோவை அதற்கு முன்பே, 1946-ல், இத்தாலிக்கு அனுப்பியாகிவிட்டது. கரை அடங்கியதா? 1952 டிசம்பரில் மாநிலக் குற்ற ஆணையம் பகிரங்க விசாரணை தொடங்கியபோது வெளியே வந்ததெல்லாம் அதே மாமூல், அதே ஏற்றுகூலி. ஆள் போனார், நாற்காலி இருந்தது. (நான் சொல்வது மின்சார நாற்காலியை அல்ல, நடுவர் அவர்களே.)

இனி எதிரணி பக்கமே போகாத ஊருக்கு வாருங்கள்: சான் பிரான்சிஸ்கோ. அதே நாடு, அதே மூட்டை. 1934-ல் அங்கேயும் நியூயார்க்கில் இருந்த அதே ஐ.எல்.ஏ. என்ற துறைமுகத் தொழிலாளர் சங்கம்தான். அங்கேயும் ஷேப்-அப் இருந்தது, கங்காணிக்கு லஞ்சமும் இருந்தது. அந்த ஆண்டு மேற்குக் கரை முழுக்க வேலைநிறுத்தம்; ஜூலை 5-ல் போலீஸ் துப்பாக்கிக்கு இரண்டு பேர் பலி. அக்டோபரில் வந்த நடுவர் தீர்ப்பு வேலை கொடுக்கும் கூடம் ஒன்றை ஏற்படுத்தியது. ஆளை அனுப்பும் பொறுப்பாளர் சங்கம் தேர்ந்தெடுத்தவர். குறைந்த நேரம் வேலை பார்த்தவருக்கு முதல் முறை. முடிந்தது கதை! பல்குச்சி செருகி என்ன பயன்? யாரிடம் காட்டுவது? நியூயார்க்கில் வேரூன்றியது போன்ற கும்பல் ஆட்சி அங்கே ஊன்றவில்லை. அங்கே மனிதர்கள் எல்லாம் மகான்களா என்ன?

நியூயார்க்கோ 1953 வரை காத்திருந்தது. நியூயார்க், நியூஜெர்சி இரண்டு மாநிலங்களும் சேர்ந்து துறைமுக ஆணையம் அமைத்தன. டிசம்பர் 1 முதல் ஷேப்-அப்புக்குத் தடை, லாரி ஏற்றுகூலிக்கும் தடை, தொழிலாளிக்குப் பதிவு, கங்காணிக்கு உரிமம். இதனால் பலன் இருந்தது. மறுக்கவில்லை, அது எங்கள் வாதத்துக்குத்தான் பலம். ஆனால் வேலைநிறுத்த மிரட்டலின் சாவி சங்கத் தலைவர்கள் சிலரிடமே தங்கியது. பழைய ஓட்டையை அடைத்தார்கள், கும்பல் அடுத்த ஓட்டைக்கு நகர்ந்தது.

1956 ஏப்ரலில் 'ஐடியல் எக்ஸ்' கப்பல் 58 பெட்டிகளோடு நியூஜெர்சியின் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குக் கிளம்பியதும் கன்டெய்னர் காலம் பிறந்தது. அடுத்த ஆண்டு அனஸ்தாசியாவையே முடிதிருத்தும் நாற்காலியில் வைத்துச் சுட்டுக் கொன்றார்கள். எதிரணிக் கணக்குப்படி அன்றோடு சனி விலகியிருக்க வேண்டும். ஆனால் அவருடைய தம்பியின் மருமகன் அந்தோணி ஸ்காட்டோ புரூக்ளின் சங்கத்தின் தலைவரானார். கோட்டு சூட்டு போட்ட கனவான். முன்னாள் மேயர்கள் இருவரும் பதவியிலிருந்த ஆளுநரும் நீதிமன்றத்தில் இவருக்கு நற்சாட்சி சொன்னார்கள். 1979-ல் கப்பல் வேலைக் கம்பெனிகளிடம் பணம் வாங்கிய குற்றம் நிரூபணமானது.

பிறகு 2011 ஜனவரி. ஒரே நாளில் 120-க்கும் மேற்பட்டோர் மீது வழக்கு. அதில் நியூஜெர்சித் துறைமுகப் பகுதி குற்றச்சாட்டைக் கவனியுங்கள். கன்டெய்னரால் கைவேலை குறைந்ததற்கு ஈடாகத் தொழிலாளிக்கு ஆண்டுதோறும் ஒரு ராயல்டித் தொகை வரும். அது கைக்கு வரும் கிறிஸ்துமஸ் காலம் பார்த்து ஜெனோவீஸ் என்ற மாஃபியா கும்பல் 'காணிக்கை' பிடுங்கியது, பல ஆண்டுகளாக. பெட்டி வந்தது, கூலி முறை மாறியது, பெயர்கள் எல்லாம் மாறின. மாமூல் தேதி மட்டும் நிதி வரும் தேதியைப் பார்த்தே நடந்தது.

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே, இறங்குகிறேன். அடுத்து வரும் எதிரணிப் பேச்சாளர் எந்தப் பெயரை வேண்டுமானாலும் சொல்லட்டும். அந்த ஆளை 1935-ல் சான் பிரான்சிஸ்கோ வேலைக் கூடத்து வாசலில் கொண்டுபோய் நிறுத்தி, அங்கே அவர் எதை விற்றிருப்பார் என்று மட்டும் சொல்லிவிடட்டும்.