குளிர்பெட்டிக்குத் திரும்பும் தட்டணுக்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

ரத்த வங்கிக்குள் வருபவர்கள் பலர் கேட்பது இது: "எல்லாம் குளிர்பெட்டியில் இருக்கு, இந்த மஞ்சள் பை மட்டும் ஏன் வெளியே ஆடிக்கிட்டு இருக்கு?" அதுதான் தட்டணுப் பை. பிளேட்லெட் என்றால் எல்லோருக்கும் புரியும்; ரத்தத்தை உறையவைக்க உதவும் அணு. சிவப்பணுக்களைக் குளிரில் வைத்தால் ஒரு மாதத்துக்கு மேல் தாங்கும். தட்டணுவுக்கு 20 முதல் 24 டிகிரி, ஓயாமல் ஆட்டும் இயந்திரம், பொதுவாக ஐந்தே நாள் ஆயுள். அந்த வெதுவெதுப்பு கிருமிகளுக்கும் பிடிக்கும் என்பதால்தான் இத்தனை குறுகிய கெடு.

முன்பு தட்டணுவையும் குளிரில்தான் வைத்தார்கள். 1969இல் அமெரிக்காவில் மர்ஃபி, கார்ட்னர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் அதில் உள்ள குறையைக் காட்டினார்கள். குளிர் பட்ட தட்டணு உடலில் ஏறியபின் வெகுநேரம் நிற்பதில்லை. தட்டையாக இருந்தது உருண்டு, முள் முளைத்ததுபோல் ஆகிவிடும். மேற்பரப்பும் மாறிவிடுவதால் கல்லீரல் அதைப் பிடித்து விழுங்கிவிடும்.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நல்ல பையை வெளிச்சத்தில் பிடித்து மெல்ல அசைத்தால், உள்ளே சாம்பிராணிப் புகைபோல் சுழல் ஓடும். குளிர்ந்த பையில் அது இருக்காது. எங்கள் பழைய கணக்கில் அது கழிக்க வேண்டிய பை.

சரி, யாருக்குக் கழிவு? புற்றுநோய் சிகிச்சையில் எண்ணிக்கை சரிந்தவருக்குத் தட்டணு நாள்கணக்கில் நிற்க வேண்டும். விபத்தில் ரத்தம் கொட்டுபவருக்கோ இந்த நிமிடம் உறைய வேண்டும். குளிர் பட்ட தட்டணு பாதி தூண்டப்பட்டே இருப்பதால், காயத்தில் சட்டென்று ஒட்டும். நார்வேயின் பெர்கன் நகரில் ஹவுகலாண்ட் மருத்துவமனை, இதய அறுவை சிகிச்சை நோயாளிகளிடம் இதைச் சோதித்துப் பார்த்தது. அமெரிக்க ராணுவமும் போர்முனையில் பயன்படுத்தியது. 2023இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், வழக்கமான தட்டணு கிடைக்காதபோது ரத்தப்போக்கு உள்ளவர்களுக்கு மட்டும், 14 நாள்வரை குளிரில் வைத்ததைத் தர வழிவிட்டது.

டெங்குவில் எண்ணிக்கை குறைந்ததும் பதறி ஓடிவரும் உறவினர்களுக்கு இது தீர்வல்ல. ரத்தக்கசிவு இல்லாத பெரும்பாலோருக்குத் தட்டணுவே தேவைப்படாது, எந்த வகையும்.

என் கண்ணில் நிற்பது நெடுஞ்சாலை ஓரத்துச் சிறிய மருத்துவமனைகள். ஐந்து நாள் கெடுவுக்குப் பயந்து அங்கே தட்டணு வாங்கி வைக்கவே தயங்குவார்கள். இரண்டு வாரம் தாங்கும், ஆட்டும் இயந்திரமும் வேண்டாம் என்றால் ஒன்றிரண்டு பை வைத்திருக்கலாம். ஆனால் தனி அடுக்கு, தனி லேபிள் கட்டாயம். அவசரத்தில் கை மாறி, அது புற்றுநோய் வார்டுக்குப் போய்விடக் கூடாது.

நன்றி, வணக்கம்.