காகிதம் மாற்றக்கூடிய விளக்கு

அன்பார்ந்த நேயர்களுக்கு என் வணக்கம்.

ஜப்பானிய மரபுக் கலையுணர்வைப் பின்பற்றி மாணவர்கள் செய்யும் வடிவமைப்புத் திட்டங்களைப் பற்றிப் பேசுமாறு வானொலி நிலையத்தார் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். பல திட்டங்களை மேலோட்டமாகத் தொட்டுச் செல்வதைவிட, மாணவனாக நானே பங்கெடுத்த ஒரே ஒரு திட்டத்தை விரிவாகச் சொல்வது பயன்தரும் என்று நினைக்கிறேன். நடு ஜப்பானில், நகோயாவிலிருந்து ரயிலில் எட்டிவிடக்கூடிய ஓர் ஊரில், வடிவமைப்பு முதுநிலை வகுப்பில் நான் படித்துக்கொண்டிருந்த ஆண்டு அது. ஏப்ரலில் கல்வியாண்டு தொடங்கியதும் நால்வர் கொண்ட எங்கள் குழுவுக்கு ஒரே வரியில் வேலை கொடுத்தார்கள்: ஜப்பானின் மரபு அழகுணர்விலிருந்து, இன்றைய சிறிய வீட்டில் அன்றாடம் பயன்படும் ஒரு பொருளைச் செய்ய வேண்டும். நாங்கள் விளக்கைத் தேர்ந்தெடுத்தோம்.

இரண்டு மாதத்தில் முதல் விளக்கு தயாராகிவிட்டது. கறுப்பு வண்ணம் பூசிய மரச்சட்டம், ஒவ்வொரு பக்கத்திலும் ஐந்து குறுக்குக் கம்பைகள், செர்ரிப் பூ அச்சிட்ட காகிதம், அடியில் ஒரு மூங்கில் துண்டு. யார் பார்த்தாலும் ஜப்பான் என்று சொல்லிவிடுவார்கள். எங்கள் பேராசிரியர் அதை மேசைமேல் வைத்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, “பூவை எடுத்துவிட்டால் இதில் ஜப்பான் எங்கே இருக்கிறது?” என்று கேட்டார். குழுவில் இருவர் ஜப்பானியர்கள். அவர்களாலும் பதில் சொல்ல முடியவில்லை.

பூவை எடுத்துவிட்டோம். வெறும் வெள்ளைக் காகிதத்தை ஒட்டினோம். ஜூன் மாதம் அங்கே மழைக்காலம். வாரக்கணக்கில் காற்றில் ஈரம் இறங்கவே இறங்காது. ஜூலையில் மதிப்பீட்டு நாளன்று பெட்டியைத் திறந்தபோது காகிதம் நான்கு பக்கமும் தொய்ந்து, அலை அலையாகச் சுருங்கியிருந்தது. அதைப் பிய்த்துவிட்டுப் புதிதாக ஒட்டலாம் என்று முயன்றால், நாங்கள் பூசியிருந்த செயற்கைப் பசை மரத்தின் மேல்தோலையும் சேர்த்து உரித்துக்கொண்டு வந்தது. காகிதம் கெட்டதால் விளக்கே கெட்டுப்போயிற்று. நூற்றாண்டுக் கணக்கில், மரச்சட்டத்தில் காகிதம் ஒட்டிய கதவுகளோடு வாழ்ந்த ஒரு நாட்டில் இந்தச் சிக்கலுக்கு விடை இல்லாமல் இருக்குமா என்ற கேள்வி அன்றுதான் எங்களுக்கு எழுந்தது. அதுவரை நாங்கள் காகிதக் கதவு பார்வைக்கு எப்படி இருக்கிறது என்று மட்டுமே பார்த்திருந்தோம். அது ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்டதே இல்லை.

கோடை விடுமுறையில் நாங்கள் சென்ற இடம் கிஃபு. நாகரா ஆற்றங்கரையில் உள்ள அந்த ஊர் காகிதக் கூண்டு விளக்குகளுக்கும், நீர்க்காகங்களைப் பழக்கி இரவில் மீன் பிடிப்பதற்கும் பெயர் பெற்றது. ஜப்பானியத் தந்தைக்கும் அமெரிக்கத் தாய்க்கும் பிறந்த சிற்பி இசாமு நொகுச்சி 1951-இல் அங்கே வந்தார். நலிந்துவந்த விளக்குத் தொழிலுக்கு உதவும்படி ஊர்த் தலைவர் கேட்டுக்கொண்டதன்பேரில் அவர் வடிவமைக்கத் தொடங்கிய விளக்குகளே உலகெங்கும் ‘அகாரி’ என்ற பெயரில் அறியப்படுபவை. அகாரி என்றால் ஒளி. 1891-இல் தொடங்கப்பட்ட ஒஸெக்கி நிறுவனம் இன்றும் கிஃபுவில் அவற்றைச் செய்துவருகிறது.

அந்த வேலைமுறையைச் சற்று விவரிக்க வேண்டும். பிறை வடிவ மரத்தகடுகளை வட்டமாக நிறுத்தி, அவற்றின் விளிம்பில் உள்ள வெட்டுகளில் மெல்லிய மூங்கில் இழையைச் சுருளாகச் சுற்றி, அதன்மேல் காகிதத்தைக் கீற்றுக் கீற்றாக ஒட்டுவார்கள். காய்ந்த பிறகு உள்ளே இருக்கும் தகடுகளைக் கூண்டின் வாய் வழியாக ஒவ்வொன்றாக உருவி எடுத்துவிட்டால், தாங்குவதற்கு உள்ளே எதுவும் இல்லாமல் கூண்டு தானே நிற்கும்; வேண்டும்போது மடித்துத் தட்டையாக்கிவிடலாம். நொகுச்சி இந்த முறையைத் தொடவில்லை. மெழுகுவத்தி இருந்த இடத்தில் மின்விளக்கை வைத்தார். காகிதத்தின்மேல் வரைந்திருந்த படங்களை நீக்கினார். மூங்கில் சுற்றுகளின் இடைவெளியை ஒழுங்கில்லாமல் விட்டார். உருவம் முற்றிலும் புதிது. ஆனால் மூங்கில், காகிதம், மடிப்பு ஆகிய மூன்றும் எந்தக் காரணத்துக்காக அங்கே இருந்தனவோ அந்தக் காரணம் அப்படியே இருந்தது.

இதற்கு இணையான ஒன்று நமக்கு அருகிலேயே, புதுச்சேரியில் இருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதியை 1930-களின் பிற்பகுதியில் வடிவமைத்தவர் டோக்கியோவில் பல ஆண்டுகள் பணிபுரிந்த கட்டடக் கலைஞர் அந்தோனின் ரேமண்ட். கட்டும் பணியை அங்கேயே தங்கிக் கவனித்தவர்களில் ஒருவர், பின்னாளில் மரச்சாமான் செய்வதில் உலகப் புகழ்பெற்ற ஜார்ஜ் நகாஷிமா. ஜப்பானில் ஊறிய இவர்கள் புதுச்சேரி வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் நடுவே ஒரு காகிதக் கதவைக்கூட வைக்கவில்லை. சுவர் என்பது திறந்து மூடக்கூடியது, காற்றையும் ஒளியையும் அளந்து உள்ளே விடக்கூடியது என்ற எண்ணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, சுவர் முழுவதையும் கையால் சாய்க்கக்கூடிய கிடைப்பலகைகளாகவும், அறைவாசல்களைத் தேக்குமர நகர்கதவுகளாகவும் அமைத்தார்கள். கண்ணாடி சன்னலே அதில் இல்லை. என் மதிப்பில், ஜப்பானியக் கட்டடக் கலையிலிருந்து நம் மண்ணுக்கு வந்தவற்றில் மிக நேர்மையான கடன் அதுதான்.

டிசம்பர் தொடக்கத்தில் கிஃபு மாகாணத்தின் மினோ என்ற சிற்றூருக்குப் போனோம். அந்தப் பகுதியின் காகிதத்தில் 702-ஆம் ஆண்டில் எழுதப்பட்ட குடும்பப் பதிவேடுகள் நாரா நகரத்தின் ஷோசோஇன் கருவூலத்தில் இன்றும் இருக்கின்றன. அங்கே செய்யும் ஹோன்-மினோஷி என்ற கைக்காகிதம் 2014-இல் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. கோசோ என்ற காகித முசுக்கட்டைச் செடியின் பட்டையை உரித்து, ஊறவைத்து, காரநீரில் வேகவைத்து, பின்பு ஓடும் தண்ணீரில் போட்டுத் தூசு, கணு, கறுப்புப் பொட்டு ஒவ்வொன்றையும் கையால் பொறுக்கி எடுக்கிறார்கள். நாங்கள் போனபோது இரண்டு பெண்கள் குளிர்ந்த தண்ணீர்த் தொட்டியின்மேல் குனிந்து அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். கண்ணுக்கே தெரியாத ஒரு பொட்டை விரல்நுனி கண்டுபிடித்துக் கிள்ளி எறிவதை அருகிலிருந்து பார்த்தேன்.

அடித்துப் பிரித்த நாரோடு தோரோரோ-அஓய் என்ற செடியின் வேரிலிருந்து வரும் வழுவழுப்பான நீரைச் சேர்க்கிறார்கள். அந்தச் செடி நம் வெண்டைக்கு நெருங்கிய உறவு. வெண்டைக்காயை நறுக்கிய கை எப்படி வழுக்குமோ, அந்த நீரும் அப்படியே இருக்கும். அந்தக் கொழகொழப்பு இருப்பதால் நார் அடியில் படியாமலும் கட்டி சேராமலும் தண்ணீரில் மிதந்து நிற்கிறது. நாரை அள்ளி எடுக்கும் வலைத்தட்டிலிருந்து தண்ணீரும் மெதுவாக வடிகிறது. வெப்பம் ஏறினால் கொழகொழப்புக் குறைந்துவிடும் என்பதால்தான் காகிதத்துக்குக் குளிர்காலமே நல்ல காலம். மினோவில் தட்டை முன்பின்னாக அசைப்பதோடு, பக்கவாட்டிலும் அசைக்கிறார்கள். நார் இரு திசையிலும் பின்னிக்கொள்வதால், அந்தக் காகிதத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஒளி எங்கும் திட்டுத்திட்டாக விழாமல் சீராகப் பரவுகிறது. வானொலியில் உங்களுக்கு அதைக் காட்ட முடியாது. ஆனால் கேட்கச் செய்யலாம். சாதாரண எழுதுதாளை அசைத்தால் சலசலக்கும், மடமடக்கும். கோசோக் காகிதத்தை அசைத்தால் மெல்லிய துணியை உதறியதுபோல ஓர் ஒலிதான் வரும்.

காகிதம் கிடைத்துவிட்டது. ஆனால் தொய்வுக்கும் பிசினுக்கும் விடை மினோவில் கிடைக்கவில்லை. நான் குடியிருந்த வீட்டிலேயே கிடைத்தது.

ஆண்டு முடிவில் ஜப்பானிய வீடுகளில் பெரும் துப்புரவு நடக்கும். பொங்கலுக்கு நாம் வெள்ளையடிப்பதுபோல, அவர்கள் ஷோஜி என்ற காகிதக் கதவுகளுக்குப் புதுக் காகிதம் ஒட்டுவார்கள். என் வீட்டுக்காரர் எழுபது வயதைக் கடந்த அம்மையார்; உதவிக்கு வருகிறாயா என்று கேட்டார். முதல் வேலையே எனக்கு வியப்பாக இருந்தது. ஆளுயரக் கதவை அவர் இரு கையாலும் பிடித்து லேசாக மேலே தூக்கி, அடிப்பக்கத்தைத் தம் பக்கம் இழுத்து, ஒரு திருகாணிகூடக் கழற்றாமல் வெளியே எடுத்துவிட்டார். மேல் விட்டத்தில் உள்ள பள்ளம் ஆழமானது, கீழ்ப் பள்ளம் ஆழமற்றது; அதனால் தூக்கினால் வெளியே வரும், விட்டால் தானே உட்காரும். பழைய காகிதத்தில் விரலால் ஓட்டை போட அன்று ஒரு நாள் மட்டும் பேத்திக்கு அனுமதி உண்டு. அந்தக் குழந்தை பொத், பொத் என்று கட்டம் கட்டமாகக் குத்திக்கொண்டே போனாள்.

அதன் பிறகு அம்மையார் ஈரத் தூரிகையால் கம்பைகளின்மேல் மட்டும் தடவினார். சற்றுப் பொறுத்து ஓர் ஓரத்தைப் பிடித்து இழுத்தார். காகிதம் முழுசாகக் கழன்று வந்தது. மரத்தில் ஒரு கீறல் இல்லை. ஒட்டியிருந்தது மாவுப்பசை, தண்ணீர் பட்டால் இளகிவிடும். புதுக் காகிதத்தை அவர் கீழிருந்து மேலாக ஒட்டிக்கொண்டு போனார். ஏன் என்று கேட்டதற்கு, “மேலிருந்து ஒட்டினால் இணைப்பின் விளிம்பு மேல்நோக்கி நிற்கும், அதில் தூசி உட்காரும்” என்றார். குறுக்குக் கம்பைகளுக்கு இடையே உள்ள தூரம் அந்தக் காலத்துக் காகிதத்தின் அகலத்தை ஒட்டி வந்தது என்பதும், இரண்டு தாள் சேரும் இடத்தில் தாங்குவதற்காகவே கம்பை இருக்கிறது என்பதும் எனக்கு அப்போதுதான் விளங்கின. எங்கள் விளக்கில் ஐந்து கம்பைகளை அழகுக்காக வைத்திருந்தோம்.

ஒட்டி முடித்தபோது காகிதம் ஆங்காங்கே தொய்ந்துதான் இருந்தது. எங்கள் விளக்கின் கதிதான் இதற்கும் என்று நினைத்தேன். அம்மையார் தெளிப்பானை எடுத்துக் காகிதம் முழுவதும் பனிபோலத் தண்ணீரைத் தெளித்துவிட்டு, “போய்த் தேநீர் குடிக்கலாம், வா” என்றார். நாங்கள் திரும்பி வந்தபோது காகிதம் காய்ந்து, தட்டினால் பறைபோல ஒலிக்கும் அளவுக்கு இறுகியிருந்தது. நனைந்த நார் காயும்போது சுருங்கி இழுக்கிறது. எந்த ஈரம் எங்கள் விளக்கைக் கெடுத்ததோ, அந்த ஈரத்தைக் கொண்டே அவர்கள் காகிதத்தை இறுக்குகிறார்கள்.

அன்றிரவே குழுவினரைக் கூப்பிட்டுப் பேசினேன். ஜனவரி முழுவதும் விளக்கை அடியிலிருந்து புதிதாகச் செய்தோம். நான்கு பக்கங்களையும் தனித்தனிப் பலகைகளாக்கி, மேல் வளையத்தில் ஆழமான பள்ளமும் அடிப்பீடத்தில் ஆழமற்ற பள்ளமும் வெட்டி, தூக்கினால் கழலும்படி வைத்தோம். கம்பைகளை ஐந்திலிருந்து ஒன்றாகக் குறைத்தோம். இரண்டு தாள் சேரும் இடத்தில் அந்த ஒன்று நின்றது. ஷோஜியில் காகிதம் வெளிச்சம் வரும் பக்கத்தில், அதாவது வெளிப்புறத்தில் ஒட்டப்பட்டிருக்கும். வீட்டுக்குள் இருப்பவர் கண்ணுக்கு முதலில் தெரிவது மரம். விளக்கில் வெளிச்சம் உள்ளே இருப்பதால் காகிதம் உட்புறத்துக்குப் போயிற்று. பலகைகள் கழலாவிட்டால் உட்புறத்தில் ஒட்டவே முடியாது என்பதால், ஒரு முடிவு இன்னொன்றைக் கட்டாயமாக்கியது. கறுப்பு வண்ணமும் மூங்கிலும் போய், ஹினோகி என்ற ஜப்பானிய சைப்ரஸ் மரம் தன் வெளிர் நிறத்திலேயே நின்றது.

ஜப்பானிய அழகுணர்வைப் பற்றி எழுதும்போது ‘வாபி’, ‘சாபி’, ‘மா’ என்ற சொற்களை அடுக்குவது வழக்கம். ‘வாபி’ என்பது எளிமையில் காணும் அழகு, ‘சாபி’ என்பது பழமையில் காணும் அழகு, ‘மா’ என்பது இடைவெளி. வாயிலைக் குறிக்கும் எழுத்துக்குள் கதிரவனைக் குறிக்கும் எழுத்தை வைத்து ‘மா’வை எழுதுகிறார்கள். கதவிடுக்கில் தெரியும் ஒளி என்று கொள்ளலாம். நாங்களும் முதல் அறிக்கையில் இந்தச் சொற்களையெல்லாம் எழுதியிருந்தோம். கடைசி அறிக்கையில் ஒன்றைக்கூட எழுதவில்லை. ஏனெனில் அந்த வெறுமையும் எளிமையும் யாரோ உட்கார்ந்து எண்ணி வைத்தவை என்பதைவிட, ஆண்டுதோறும் கழற்றி, கழுவி, ஒட்டி, மாட்டும் கைகளுக்கு இடைஞ்சல் இல்லாதவை எவையோ அவை மட்டும் தங்கியதால் வந்தவை என்றே நான் நம்புகிறேன். ஜப்பானின் ஷிந்தோ சமயத்தைச் சேர்ந்த இசே பெருங்கோயிலை 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை பக்கத்து மனையில் புதிதாகக் கட்டுகிறார்கள். கடைசியாக 2013-இல் கட்டினார்கள். அந்தக் கோயிலுக்கும் என் வீட்டுக்கார அம்மையாரின் கதவுக்கும் அளவில்தான் வேறுபாடு.

இறுதி மதிப்பீட்டில் நாங்கள் விளக்கோடு ஒரு சிறிய தூரிகையையும், மாவுப்பசைப் புட்டியையும், நான்கு தாள்களையும் வைத்தோம். பேராசிரியர் எதுவும் கேட்கவில்லை. ஒரு பலகையை லேசாகத் தூக்கினார். கழன்று கையில் வந்தது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, மறுபடி பள்ளத்தில் விட்டார். ‘டக்’ என்று உட்கார்ந்தது. இன்னும் இரண்டு முறை தூக்கித் தூக்கி விட்டார்.

அந்த விளக்கு இப்போது என் வீட்டில் இருக்கிறது. ஒவ்வொரு டிசம்பரிலும் அதற்குக் காகிதம் மாற்றுகிறேன். சென்ற முறை என் மகள் பழைய தாள்களில் ஓட்டை போட்டு முடிக்கும்வரை காத்திருந்து, புதுத் தாளை ஒட்டித் தண்ணீர் தெளித்தேன். இரவுச் சாப்பாடு முடிவதற்குள் மூன்று பலகைகள் இறுகிவிட்டன. நான்காவதில் கீழ் மூலையில் பசை சற்றுக் கூடிப்போய் ஒரு சிறு சுருக்கம் விழுந்தது. விளக்கை ஏற்றினால் அந்த இடத்தில் மட்டும் ஒளி கொஞ்சம் மங்கலாகத் தெரியும். அடுத்த டிசம்பர் வரை அது அப்படியே இருக்கும்.

நன்றி, வணக்கம்.