பிடியரிசிப் பானையின் பக்கம்

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, களியக்காவிளைச் சுற்றுவட்டாரத்திலிருந்தும் எல்லைக்கு அப்பால் கேரளத்துப் பாறசாலையிலிருந்தும் வந்து அமர்ந்திருக்கும் சபையாரே, அனைவருக்கும் என் ஸ்தோத்திரம். "விசுவாசியின் நன்றி வேர்கொள்வது ஆலயப் பண்டிகையிலா, அன்றாட வாழ்விலா?" என்ற தலைப்பில் அன்றாட வாழ்வின் பக்கம் நின்று பேச வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் மூன்று வாதங்களை முன்வைத்தார். விளைச்சலை ஆலயத்தில் படைக்கும் அறுப்பின் பண்டிகை போன்ற நாள்கள் இல்லாவிட்டால் மனிதன் நன்றியை மறந்தே போவான் என்றார். அற்புதமும், விசுவாசத்துக்காக உயிர்விடும் இரத்தசாட்சியும் போன்ற பெரிய நிகழ்வுகளே விசுவாசத்தை எழுப்புகின்றன என்றார். துயரம் வரும்போது வீட்டுப் பழக்கங்கள் உடைந்துபோகும், சபை கூடிவருவதே தாங்கும் என்றார்.

இவற்றுள் இரண்டாவது வாதத்துக்கு வேதமே பதில் வைத்திருப்பதால் அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். குஷ்டரோகிகள் பத்துப் பேர் சுகம்பெற்ற வரலாற்றை லூக்கா எழுதுகிறார். அற்புதம் பத்துப் பேருக்கும் ஒன்றுதான். திரும்பி வந்து இயேசுவின் பாதத்தில் விழுந்தவன் ஒருவன் மட்டுமே, அவனும் சமாரியன். அற்புதம்தான் நன்றியைப் பிறப்பிக்கும் என்றால் மற்ற ஒன்பது பேருக்கும் அது பிறந்திருக்க வேண்டாமா? செங்கடல் இரண்டாகப் பிளந்ததைக் கண்ணால் கண்ட ஜனங்கள், மூன்று நாள் நடந்து மாராவுக்கு வந்ததும் தண்ணீர் கசக்கிறது என்று மோசேக்கு விரோதமாக முறுமுறுத்தார்கள். கடலைப் பிளந்த தேவன் அதற்குப் பிறகு அவர்களுக்குக் கொடுத்தது என்ன? காலைதோறும் வெளியே போய்ப் பொறுக்கிக்கொள்ளவேண்டிய மன்னா என்ற உணவு! மறுநாளுக்கென்று சேர்த்துவைத்தால் புழுப்பிடிக்கும். ஓய்வுநாளுக்கு முந்தைய நாளில் மட்டும் இரண்டு பங்கு. ஒரு பெரிய நாளால் திருந்தாத மக்களை நாற்பது ஆண்டுகள் அன்றாடத்தில் உட்காரவைத்துப் பழக்கினார் என்றே நான் இதை வாசிக்கிறேன்.

இரத்தசாட்சி என்றதும் எதிரணியினர் நம் கன்னியாகுமரி மாவட்டத்துத் தேவசகாயத்தைக் காட்டினார்கள். 1712-இல் நட்டாலத்தில் பிறந்து, 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று, 1752-இல் ஆரல்வாய்மொழியை ஒட்டிய காற்றாடிமலையில் சுட்டுக்கொல்லப்பட்டவர். 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டவர். அவருடைய மரணத்தை அவர்கள் எடுத்துச் சொன்னார்கள்; திருமுழுக்குக்கும் கைதுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளை விட்டுவிட்டார்கள். சாதி வேற்றுமை பாராமல் மனிதர் அனைவரும் சமம் என்று அவர் வற்புறுத்திப் பிரசங்கித்ததும் மேல்தட்டினரின் பகையைக் கிளப்பியது என்பது வரலாறு. யாரோடு பழகுவது, யாரைச் சமமாக நடத்துவது என்பவை பண்டிகை மேடையில் எழும் கேள்விகள் அல்ல, நடுவர் அவர்களே; தெருவிலும் திண்ணையிலும் தினமும் எழுபவை. மலையில் முடிந்த சாட்சி அங்கேதான் தொடங்கியது.

இனி முதல் வாதம். பண்டிகையை நான் இகழவில்லை. வாழைக்குலையும் மரச்சீனியும் சக்கையும் நல்லமிளகும் பீடத்தின் முன் குவிந்து, பிறகு ஏலம்விடப்படும் அந்த நாளின் மகிழ்ச்சி எனக்கும் வேண்டும். (ஏலத்தில் ஒரு குலைக்கு இரண்டு குடும்பங்கள் கௌரவப் போட்டி போடுவதை எதிரணி நன்றியின் கணக்கில் எழுதுமா, வேறு கணக்கில் எழுதுமா என்று நான் கேட்கப்போவதில்லை.) ஆனால், பண்டிகைக்குக் கொண்டுவரும் கூடை பண்டிகையில் நிறைவதில்லை. நம் அம்மாக்களின் அடுக்களையைப் பாருங்கள். உலை கொதிக்கும்போது நாழியால் அரிசியை அளந்தெடுத்து, கழுவுவதற்கு முன்பே அதிலிருந்து ஒரு பிடி அள்ளி, பக்கத்தில் இருக்கும் சிறு பானையில் போடுவார்கள். பிள்ளைகள் பசியோடு நிற்கிற நாளிலும் அந்தப் பிடி குறையாது. மீந்துபோன சோற்றிலிருந்து எடுப்பது அல்ல அது; வீட்டில் ஒருவர் வாய்க்கும் இன்னும் போகாத அரிசி. எல்லைக்கு அப்பால் இதைப் பிடியரி என்பார்கள். கைனகரியில் பிறந்து 2014-இல் புனிதராக அறிவிக்கப்பட்ட சாவறா குரியாக்கோஸ் எலியாஸ், 19-ஆம் நூற்றாண்டில் இந்தப் பிடியரியைத் திரட்டித்தான் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் மதிய உணவுக்கு வழிசெய்தார். பண்டிகைக் காணிக்கைக்காகக் காத்திருந்தால் அந்தப் பிள்ளைகள் ஆண்டுக்கொரு முறைதான் சாப்பிட்டிருப்பார்கள்.

அன்றாடம் வெறும் பழக்கதோஷமாகிவிடும், கை செய்யும், மனம் அங்கே இராது என்றும் எதிரணித் தலைவர் இடையில் ஒரு வார்த்தை போட்டார். வேலை தெரிந்தவர் எவரும் இதை ஒப்புக்கொள்ளமாட்டார். நன்றிக்கு முதலில் வேண்டியது கவனம். அந்தக் கவனத்தைக் கற்றுத்தருவது தொழில். மார்த்தாண்டத்தில் தேன் எடுப்பவர்களைக் கேளுங்கள். ரப்பர் தோட்டத்துத் தேன் பூவிலிருந்து வருவதில்லை என்பார்கள். பழைய இலை உதிர்ந்து தளிர்விடும் காலத்தில், மூன்று சிற்றிலைகள் கூடும் காம்பின் நுனியில் இருக்கும் நுண்ணிய சுரப்பிகளில் மதுரம் ஊறுகிறது. தேனீ அதைத்தான் சேர்க்கிறது. 1920-களில் ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தின் சார்பில் மார்த்தாண்டத்தில் கிராமப் புனரமைப்புப் பணியைத் தொடங்கிய ஸ்பென்சர் ஹாட்ச், ஜெபத்தோடு சேர்த்துத் தேனீப்பெட்டியையும் கோழி வளர்ப்பையும் சொல்லிக்கொடுத்தது ஏன் என்பதையும் யோசியுங்கள். இலைக்காம்பில் தேன் ஊறுவதைக் குனிந்து பார்த்தவன் சொல்லும் ஸ்தோத்திரத்துக்கும், கடையில் பாட்டில் வாங்கியவன் சொல்லும் ஸ்தோத்திரத்துக்கும் வேறுபாடு உண்டு என்பது என் கட்சி.

மூன்றாவது வாதம்தான் கனமானது. அதை நான் சிறிதாக்கப் பார்க்கவில்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது நம் கடலோரத்து வீடுகள் பல, கடலுக்குப் போன ஆண்கள் திரும்பி வராத வீடுகளாயின. அந்தத் தாய்மார்களையும் மனைவியரையும் பார்த்து நன்றி சொல்லுங்கள் என்று சொல்ல எனக்கு வாயில்லை, சொல்லவும் கூடாது. சங்கீதப் புத்தகத்திலேயே "எதுவரைக்கும், கர்த்தாவே?" என்ற கூக்குரலுக்கு இடமிருக்கிறது. ஆனால் எதிரணியினரே, அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்குக் கடலோர ஊர்கள் பலவற்றில் கொண்டாட்டம் இல்லை என்பதை நினைத்துப் பாருங்கள். துயரம் வந்ததும் முதலில் நின்றுபோனது பண்டிகைதான். பக்கத்து வீட்டார் ஒரு பாத்திரத்தில் கஞ்சி கொண்டுவருவதற்கும், அழுகிறவளின் அருகில் ஒருத்தி பேசாமல் உட்கார்ந்திருப்பதற்கும் பண்டிகை தேவைப்படவில்லை. சபைதான் தாங்கியது என்று நீங்கள் சொல்வது உண்மை. அந்தச் சபை அப்போது கூடியிருந்தது அடுக்களையிலும் முற்றத்திலும்.

நன்றி யாருக்கு என்ற கேள்வியோடு முடிக்கிறேன். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் தோட்டத்தில் இறங்குகிற பால்வெட்டுத் தொழிலாளி, மரம் மரமாக நின்று, நேற்றைய வெட்டில் உறைந்த ஒட்டுப்பாலை இழுத்தெடுத்து, சிரட்டையைத் துடைத்துவைத்து, மரத்தின் உள்தோலைக் காயப்படுத்தாமல் பட்டையை மெலிதாகச் சீவுகிறார். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும் என்பதால் அவர் தூக்கத்தை விட்டுவருகிறார். அந்தத் தோட்டத்து வருமானத்திலிருந்து நாம் கவரில் போடும் ஸ்தோத்திரக் காணிக்கை அவருடைய கையைத் தாண்டித்தான் பீடத்துக்கு வருகிறது. கூலிக்காரனுடைய கூலி விடியற்காலம்வரை உன்னிடத்தில் இருக்கலாகாது என்று லேவியராகமம் கட்டளையிடுகிறது. தேவன் அதற்குக் கொடுத்த தவணை ஓர் இரவு. அடுத்த பண்டிகைவரை அல்ல. ஆகவே, மறுப்புரைக்கு வரும் எதிரணி நண்பர் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லட்டும்: சென்ற பண்டிகையில் உங்கள் வீட்டுக் காணிக்கையாகப் பீடத்தில் ஏறிய அந்த வாழைக்குலையை வெட்டிச் சுமந்துவந்தவருக்குக் கூலி எந்தக் கிழமையில் கொடுக்கப்பட்டது?