மூன்று மடங்கு வரை தவறலாம் என்றால் அந்த விடையால் என்ன பயன்?

எந்த இனம் எதற்கு நெருங்கிய உறவு என்று காட்டும் பரிணாம மரங்களை ஒப்பிடுவது பற்றிய சென்ற வீடியோவைப் பார்த்துவிட்டு ஒருவர் கேட்டிருக்கிறார்: "உண்மையான தூரம் 10 என்றால் உங்கள் தோராய அல்காரிதம் 30 என்றுகூடச் சொல்லும் என்கிறீர்கள். அப்படி ஒரு விடையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?"

கேட்க வேண்டிய கேள்விதான். அந்த மூன்று எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிட்டால் பாதி சந்தேகம் தீர்ந்துவிடும்.

தூரம் என்று எதைச் சொன்னோம்? ஒரு கிளையை வெட்டி அதே மரத்தில் வேறு இடத்தில் ஒட்ட வேண்டும். இப்படிக் குறைந்தது எத்தனை முறை செய்தால் முதல் மரம் இரண்டாவது மரமாகும்? அதுதான் எஸ்.பி.ஆர் (கிளையை வெட்டி ஒட்டும்) தூரம். இரண்டு மரங்களிலும் ஒரே மாதிரியான துண்டுகள் மிஞ்சக் குறைந்தது எத்தனை வெட்டு வேண்டும் என்று கேட்டாலும் அதே எண்தான் வரும், வேரையும் (எல்லா இனங்களும் கிளைத்த அடிப்புள்ளி) ஓர் இலையாகச் (கிளை நுனியில் இருக்கும் இனம்போல) சேர்த்துக்கொண்டால். வேருள்ள மரங்களுக்கு இதைச் சரியாகக் கணக்கிடுவது என்.பி. ஹார்ட், அதாவது மரம் பெரிதானால் வேகமாகச் செய்ய வழி தெரியாத வகைக் கணக்கு, என்று 2005-ல் போர்டெவிச்சும் செம்பிளும் நிரூபித்தார்கள்.

சரி, சின்ன மரம் ஒன்றை எடுப்போம். முதல் மரத்தில் மனிதனும் சிம்பன்சியும் ஜோடி, கொரில்லா வெளியே. இரண்டாவதில் மனிதனும் கொரில்லாவும் ஜோடி, சிம்பன்சி வெளியே. இது கற்பனை இல்லை. 2012-ல் வெளியான கொரில்லா மரபணுத் தொகுதியில் சுமார் 30 சதவீதப் பகுதி, வழக்கமான மரத்தோடு, அதாவது நம் முதல் மரத்தோடு, ஒத்துப்போகவில்லை.

முதல் மரத்தின் ஜோடியைப் பாருங்கள். இறுதித் துண்டுகளில் மனிதனும் சிம்பன்சியும் சேர்ந்தே இருந்தால், இரண்டாவது மரத்தில் அவர்களுக்கு நடுவே தொங்கும் கொரில்லாக் கிளையை வெட்டியே ஆக வேண்டும். பிரிந்திருந்தால்? முதல் மரத்தில் அந்த ஜோடியிலிருந்து மேலே போக ஒரே பாதைதான். இருவரும் தனித்தனித் துண்டாக அதே பாதையில் ஏற முடியாது. ஆகவே ஒருவராவது தனியாக நிற்க வேண்டும். மனிதன், சிம்பன்சி, கொரில்லாக் கிளை, இந்த மூன்றில் ஒரு வெட்டு நிச்சயம். பெரிய மரத்திலும் வாதம் இதேதான். ஜோடியில் இரண்டாவது மரத்தில் ஆழமாக இருப்பவரின் பக்கத்துக் கிளையை எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

எந்த வெட்டு என்று தெரியாது. அதனால் அல்காரிதம் மூன்றையும் வெட்டிவிடுகிறது! ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றாவது தேவையான வெட்டு என்பதால் மொத்தம் மூன்று மடங்கைத் தாண்டாது. நம் சின்ன மரத்தில் ஒரு வெட்டு போதும், அல்காரிதம் மூன்று வெட்டும். மோசமான நிலை அதுதான்.

இந்த மூன்று மடங்கு உத்தரவாதம் சுலபமாகக் கிடைத்ததில்லை. 1996-லேயே ஹைனும் கூட்டாளிகளும் ஒரு முறையை முன்வைத்தார்கள், அந்த நிரூபணத்தில் ஓட்டை இருந்தது பின்னால் தெரிந்தது. 2008-ல் போர்டெவிச், மெக்கார்ட்டின், செம்பிள் மூவரும் உறுதியான நிரூபணம் தந்தார்கள். 2016-ல் இரண்டு மடங்கு முறைகளும் வந்துவிட்டன.

இப்போது உங்கள் கேள்வி. அல்காரிதம் 30 என்றால் உண்மைத் தூரம் 30-க்கு மேல் இல்லை, 10-க்குக் கீழும் இல்லை. அந்தக் கீழ் எல்லைதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஏனென்றால் மூன்றையும் ஒரேயடியாக வெட்டாமல் ஒவ்வொன்றாக முயன்றால் சரியான விடையே கிடைக்கும். ஆனால் தூரம் 20 என்றால் 3-ஐ 20 முறை பெருக்க வேண்டும், 348 கோடி வழிகள். அங்கேதான் தோராயம் கைகொடுக்கிறது. ஒரு வழியில் போகும்போது மீதி மரத்துக்குத் தோராய விடை 18 என்று வந்தால் இன்னும் குறைந்தது 6 வெட்டு வேண்டும். அந்த 20 வெட்டில் கையில் 5 வெட்டுதான் பாக்கி என்றால் அந்த வழியை அங்கேயே விட்டுவிட்டு அடுத்ததைப் பார்க்கலாம்.