செஸ்டரிலிருந்து ஒரே நாளில் மூன்று கோட்டைகள்

[காட்சி: செஸ்டர் ரயில் நிலையம், காலை நேரம்]

வட வேல்ஸின் இடைக்காலக் கோட்டைகளைப் பார்க்கச் சொந்த வண்டி தேவையில்லை. இங்கிலாந்தின் எல்லை நகரமான செஸ்டரில் காலையில் ரயில் ஏறினால், ஃப்ளின்ட், கான்வி, கைர்னார்வன் ஆகிய மூன்றையும் கண்டுவிட்டு இரவுக்குள் அங்கேயே திரும்பிவிடலாம்.

இது இவ்வளவு எளிதாக அமைவதற்குக் காரணம், 1277இல் வேல்ஸின் மீது படையெடுத்த இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டு செஸ்டரைத் தளமாகக் கொண்டு கடலோரமாகவே முன்னேறியதுதான். மலைப்பாதைகள் வேல்ஸ் வீரர்களின் கையில் இருந்ததால், முற்றுகை நேர்ந்தாலும் கப்பலில் உணவும் ஆட்களும் வந்து சேரும்படி, தன் கோட்டைகளைக் கடல்நீர் ஏறி வரும் இடங்களில் அவர் எழுப்பினார். ஏறக்குறைய 570 ஆண்டுகள் கழித்து ரயில் பாதை அமைத்தவர்களும் மலையைத் தவிர்த்து அதே கரையோரத்தைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

[காட்சி: டீ ஆற்றின் கழிமுகம், ஃப்ளின்ட் கோட்டை]

முதல் நிறுத்தமான ஃப்ளின்ட்டில் நிலையத்திலிருந்து சில நிமிட நடையில் கோட்டை வந்துவிடும். நுழைவுக் கட்டணம் கிடையாது. 1277இல் தொடங்கிய இக்கோட்டையில், மதிலுக்கு வெளியே தனி அகழியுடன் நிற்கும் பெரிய வட்டக் கோபுரத்தைக் கட்டாயம் சுற்றிப் பாருங்கள். கோட்டையின் மற்றப் பகுதிகள் வீழ்ந்தாலும் அதை மட்டும் தனியே காத்து நிற்க முடியும். மற்றவை பெரும்பாலும் சிதைந்துவிட்டன. ஒரு மணி நேரம் இங்கே போதும்.

[காட்சி: கான்வி ஆற்றைக் கடக்கும் ரயில்]

பயணத்தின் உச்சம் கான்விதான். ராபர்ட் ஸ்டீபன்சன் 1848இல் முடித்த இரும்புக் குழாய்ப் பாலத்தின் வழியாக ஆற்றைக் கடக்கும் ரயில், கோட்டைச் சுவரை உரசுவது போலச் சென்று, நகர மதிலுக்கு உள்ளேயே நிற்கிறது. ஆனால் கான்வி நிலையத்தில் எல்லா ரயில்களும் நிற்பதில்லை. இறங்க வேண்டுமென்று நடத்துநரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். நிற்காத ரயிலில் ஏறிவிட்டால் லாண்டட்னோ சந்திப்பில் இறங்கி, சாலைப் பாலத்தின் மேல் நடந்தே வந்துவிடலாம். ஆற்றுக்கு அப்பாலிருந்து எட்டுக் கோபுரங்களும் ஒருசேரத் தெரியும் காட்சிக்காகவே அந்த நடையை நான் பரிந்துரைக்கிறேன்.

வேல்ஸ் இளவரசர் லுவெலின் அப் கிரிஃபித் 1282 டிசம்பரில் கொல்லப்பட்ட சில மாதங்களில், 1283இல், இங்கே கட்டுமானம் தொடங்கியது. சவாய் நாட்டிலிருந்து வந்த செயின்ட் ஜார்ஜ் ஜேம்ஸ் என்னும் தலைமைக் கொத்தர் மேற்பார்வையிட, கோட்டையும் 21 கோபுரங்கள் கொண்ட, சுமார் 1.3 கிலோமீட்டர் நீளமுள்ள நகர மதிலும் ஒரு சில ஆண்டுகளிலேயே எழுந்தன. மடாக் என்பவரின் தலைமையில் 1294இல் வேல்ஸ் மக்கள் கிளர்ந்தெழுந்தபோது, எட்வர்டே அந்தக் குளிர்காலத்தில் இக்கோட்டைக்குள் உணவு குறைந்து அடைபட்டுக் கிடந்தார். கடல்வழி இருந்ததால்தான் அவர் தாக்குப்பிடித்தார். 1399இல் இதே கான்வியில் தங்கியிருந்த இரண்டாம் ரிச்சர்டை உறுதிமொழி கொடுத்து வெளியே வரவழைத்து, நாம் காலையில் பார்த்த ஃப்ளின்ட்டுக்குக் கொண்டுபோய் அவருடைய எதிரியான ஹென்றியிடம் ஒப்படைத்தார்கள்; அத்துடன் அவருடைய ஆட்சி முடிந்தது.

கோட்டையைப் பார்த்தபின் மதிலின் மேல் நடக்கத் தவறாதீர்கள். நகரத்தையும் கோட்டையையும் ஒரே திட்டமாகக் கட்டியது அங்கிருந்து பார்த்தால்தான் புரியும்.

[காட்சி: கைர்னார்வன், கழுகுக் கோபுரம்]

கைர்னார்வனுக்கு நேரடி ரயில் இல்லை. பாங்கர் வரை ரயிலில் சென்று, அங்கிருந்து பேருந்தில் ஏறினால் சுமார் அரை மணி நேரத்தில் சேரலாம். கான்வியின் வட்டக் கோபுரங்களுக்கு மாறாக, இங்கே பல முகங்கள் கொண்ட கோபுரங்களும் நிறம் மாறும் கல் வரிசைகளும் உள்ளன. கிழக்கு ரோமப் பேரரசின் தலைநகரான கான்ஸ்டான்டிநோபிளின் மதிலை நினைவூட்டி, பேரரசருக்குரிய பெருமிதத்தைக் காட்டவே எட்வர்டு இப்படிக் கட்டினார் என்று வரலாற்றாசிரியர் பலர் கருதுகிறார்கள். அவருடைய மகன் இரண்டாம் எட்வர்டு 1284இல் பிறந்ததும் இவ்வூரில்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ரயிலும் பேருந்தும் குறைவு என்பதால் வார நாளில் புறப்படுங்கள். பாங்கருக்குத் திரும்பும் கடைசிப் பேருந்தின் நேரத்தைக் காலையிலேயே குறித்துக்கொள்ளுங்கள். நேரம் போதாவிட்டால் கைர்னார்வனை வேறொரு நாளைக்கு ஒத்திவைக்கலாம். கான்வி மதில் நடையை மட்டும் குறைத்துவிடாதீர்கள்.