கத்திரி வெயிலில் கைக்குழந்தையின் தூக்கம்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மே மாதம் 4ஆம் தேதி வாக்கில் கத்திரி தொடங்கிவிட்டால், குழந்தைகள் மருத்துவர்களான எங்களிடம் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வரும். "டாக்டர், ராத்திரி முழுக்கப் புள்ள தூங்கவே இல்ல, அழுதுக்கிட்டே இருக்கு. வயித்து வலியா?" குழந்தையைப் பார்த்தால் தலையில் குல்லாய், கையிலும் காலிலும் உறை, உடம்பைச் சுற்றி டர்க்கி டவல். கழுத்து மடிப்பில் விரலை வைத்தால் வியர்வை பிசுபிசுக்கும். அத்தனையையும் அவிழ்த்துவிட்டுச் சற்று நேரம் மின்விசிறிக் காற்றில் படுக்க வைத்தாலே பல குழந்தைகள் அழுகையை நிறுத்திவிடுகின்றன.

குளிர் தாக்கிவிடுமோ என்ற பயம் நம் வீடுகளில் ஆழமாக ஊறியிருக்கிறது. குறைப்பிரசவத்தில் பிறந்த குழந்தைக்கும், எடை மிகக் குறைந்த குழந்தைக்கும் அந்தப் பயம் நியாயமானது. அவர்களுக்குக் கதகதப்பு வேண்டும். உங்கள் மருத்துவர் சொன்னபடியே செய்யுங்கள். ஆனால் நிறைமாதத்தில் பிறந்து நன்றாகப் பால் குடிக்கிற குழந்தைக்கு மே மாதத்தில் ஆபத்து வெப்பத்தால்தான். எடையோடு ஒப்பிட்டால் குழந்தையின் தோல் பரப்பு நம்மைவிட அதிகம். அதனால் வெளிச்சூட்டைச் சீக்கிரம் வாங்கிக்கொள்ளும். வியர்த்துச் சூட்டை வெளியேற்றும் திறனோ குறைவு. தலையும் முகமும்தான் அதற்குச் சூடு வெளியேறும் முக்கியமான வழி. குல்லாய் போட்டால் அந்த வழியை அடைத்துவிடுகிறோம்.

"கையெல்லாம் ஜில்லுனு இருக்கே" என்பார்கள். சின்னக் குழந்தையின் கையும் காலும் சற்றுக் குளிர்ந்துதான் இருக்கும். அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பிடரியையும் நெஞ்சையும் தொட்டுப் பாருங்கள். அங்கே வியர்த்தோ சுட்டோ இருந்தால் துணி அதிகம் என்று பொருள். இரவில் ஒரு மெல்லிய நூல் சட்டை போதும். புழுக்கமான இரவில் வெறும் இடுப்புத்துணியோடு விட்டாலும் தவறில்லை.

அடுத்தது படுக்கை. பல வீடுகளில் பாய்மேல் ரப்பர் ஷீட்டைப் போட்டு, அதன்மேல் ஒற்றைத் துணியை விரித்துவிடுகிறார்கள். ரப்பர் ஷீட் வியர்வையை உறிஞ்சாது, காற்றையும் விடாது. குழந்தையின் முதுகு முழுக்க வேர்க்குரு வருவது பெரும்பாலும் இதனால்தான். பழைய நூல் வேட்டியை நாலாக மடித்து அதன்மேல் விரியுங்கள், நனைந்தால் உடனே மாற்றுங்கள். தலையணை வேண்டாம். குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்கள். 1990களின் தொடக்கத்தில் பிரிட்டனிலும் நியூசிலாந்திலும் இதை ஊரெங்கும் எடுத்துச் சொன்னார்கள். குப்புறப் படுக்க வைக்காதீர்கள் என்பதுதான் அதில் முக்கியமான அறிவுரை. தூக்கத்தில் திடீரென்று நேரும் சிசு மரணங்கள் அங்கே பாதிக்கும் கீழே குறைந்தன.

சரி, தூளிக்கு வருவோம். அம்மாவின் பழைய சேலை, உத்தரத்தில் ஒரு கயிறு, குழந்தை நிமிடத்தில் தூங்கிவிடும். தூளியே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வெயில் காலத்தில் அது நாலு பக்கமும் மூடிய பை மாதிரி ஆகிவிடுகிறது. அதிலும் சிந்தெடிக் சேலை என்றால் உள்ளே காற்றே போகாது. கழுத்து நிற்காத குழந்தை தூளியில் சுருண்டு படுக்கும்போது தாடை நெஞ்சில் முட்டி, மூச்சு விடச் சிரமப்படலாம். ஆகவே நூல் சேலையில் கட்டுங்கள். உள்ளே தொட்டில் கம்பு வைத்துத் துணியை விரித்து விடுங்கள், முகம் வெளியே தெரியட்டும். பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும் ஆட்டித் தூங்க வைத்து, தூங்கியதும் எடுத்துப் பாயில் போடுங்கள். இரவு முழுக்கத் தூளியில் விட வேண்டாம்.

மாடி வீட்டில் பகல் முழுக்கக் காய்ந்த கான்கிரீட் கூரை, நள்ளிரவு வரை சூட்டை இறக்கிக்கொண்டே இருக்கும். முடிந்தால் கீழ்த்தளத்தில் படுங்கள். ஜன்னலில் ஈரத்துணி கட்டுவது வேலூர், கரூர், திருச்சி போன்ற வறண்ட வெயில் ஊர்களில் நன்றாகவே பலன் தரும். எதிர் ஜன்னல் திறந்திருக்க வேண்டும். சென்னை, நாகப்பட்டினம் பக்கம் காற்றிலேயே ஈரம் அதிகம் என்பதால் அங்கே மின்விசிறிதான் உதவும். ஏசி இருந்தால் தாராளமாகப் போடலாம். 25, 26 டிகிரியில் வைத்து, காற்று குழந்தையின் முகத்தில் நேராகப் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குளிப்பாட்டியதும் சாம்பிராணிப் புகை காட்டுவதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அந்தப் புகை பிஞ்சு நுரையீரலுக்கு ஆகாது. பவுடரும் அப்படித்தான். வியர்வையோடு சேர்ந்து மடிப்புகளில் கட்டிக்கொள்ளும், தூள் மூச்சுக்குள்ளும் போகும்.

வெயிலுக்குத் தண்ணீர் கொடுக்கலாமா? ஆறு மாதம் முடியும்வரை வேண்டாம். சர்க்கரைத் தண்ணீர், கிரைப் வாட்டர் எதுவும் வேண்டாம். தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர்தான். தண்ணீரால் சின்ன வயிறு நிறைந்தால் பால் குடிப்பது குறையும். அளவுக்கு மீறினால் ரத்தத்தில் உப்பு குறைந்து வலிப்புகூட வரலாம். அடிக்கடி பால் கொடுங்கள், இரவிலும்கூட. தண்ணீரும் மோரும் அம்மா குடிக்கட்டும். நாளுக்கு ஆறு முறையாவது குழந்தை சிறுநீர் கழித்தால் பால் போதுமான அளவு கிடைக்கிறது என்று நம்பலாம்.

இரவில் கரண்ட் போய்விட்டால் குழந்தையின் துணியை அவிழ்த்துவிட்டு, சாதாரணத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உடம்பைத் துடைத்து, பனைவிசிறியால் வீசுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம். அப்புறமும் குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, எழுப்பியும் எழாமல் துவண்டு கிடந்தாலோ, உச்சிக்குழி உள்வாங்கியிருந்தாலோ, ஆறேழு மணி நேரமாகச் சிறுநீர் போகாமல் இருந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காய்ச்சல் இருந்தாலும் இதேதான். 108க்குப் போன் செய்யுங்கள். வண்டியில் போகும்போது முந்தானையால் முகத்தை மூடாதீர்கள். குழந்தை முழித்திருந்து உறிஞ்சினால் வழியிலும் பால் கொடுத்துக்கொண்டே போங்கள்.

வணக்கம்.