ஃபைல்ல இருக்கற 20,000, எத்தனை எலக்ட்ரான்?

வணக்கம். டெலஸ்கோப்புல மாட்டுற சிசிடி கேமரா, ஒரு பிக்சலுக்கு 20,000னு காட்டுது. அது எலக்ட்ரான் கணக்கு இல்லைங்க, கன்வெர்ட்டர் குடுத்த வெறும் எண். எலக்ட்ரானா மாத்தணும்னா உங்க கேமராவோட கெய்ன், அதாவது அந்த எண்ல ஒண்ணுக்கு எத்தனை எலக்ட்ரான்னு, தெரியணும்.

மொதல்ல அந்த எண் எப்படி வருதுன்னு பாத்துடுவோம். சிலிக்கான்ல ஃபோட்டான் பட்டா எலக்ட்ரான் விடுபடும், பிக்சல்லயே தேங்கி நிக்கும். எக்ஸ்போஷர் முடிஞ்சதும் எல்லா வரிசையும் ஒரு படி எறங்கும். அடி வரிசை சீரியல் ரெஜிஸ்டருக்குள்ள போகும், அங்கிருந்து ஒவ்வொரு பிக்சலா மூலைல இருக்கற ஆம்ப்ளிஃபையருக்கு. 2048-க்கு 2048 சிப்புன்னா, 42 லட்சம் பேருக்கு ஒரே டிக்கெட் கவுன்ட்டர்! செகண்டுக்கு 1 லட்சம் பிக்சல்னா 42 செகண்ட் ஆகும். 10 லட்சம்னா 4 செகண்டுதான், ஆனா ரீட் நாய்ஸ், அதாவது படிக்கும்போது சேர்ற தாறுமாறான ஏற்ற இறக்கம், ஏறும். ஃபோகஸ் பண்ண வேகமா படிங்க, மங்கலான நட்சத்திரத்துக்கு மெதுவாத்தான்.

அவ்ளோ தூரம் நகர்றதுக்கும் ஒரு விலை உண்டு. ஒரு நகர்வுக்கு லட்சத்துல ஒரு எலக்ட்ரான் பின்தங்கினாக்கூட, தூரத்து மூலைல இருந்து 4,000 சொச்சம் நகர்வு வர்றதுக்குள்ள 4 சதவீதம் சிதறிடும். ஹபிள் படங்கள்ல நட்சத்திரத்துக்கு வால் இழுத்த மாதிரி தெரியறது இதனாலதான். விண்வெளிக் கதிர்வீச்சு அந்த சிப்புகளைக் கெடுத்துடுச்சு.

சரி, கெய்ன். ஒரே வெளிச்சத்துல 2 ஃப்ளாட் (சிப் முழுக்க சீரா வெளிச்சம் விழற படம்) எடுங்க, ஷட்டரை மூடி ஜீரோ எக்ஸ்போஷர்ல 2 பயஸ் எடுங்க. டெம்பரேச்சர், ரீட்அவுட் வேகம் ரெண்டையும் தொடாதீங்க. நடுவுல 200-க்கு 200 பிக்சல் மட்டும் வெட்டிக்கோங்க. ஃப்ளாட் சராசரி ரெண்டும் 21,000, பயஸ் ரெண்டும் 1,000னு வைங்க. ஃப்ளாட் கூட்டல்ல பயஸ் கூட்டலைக் கழிச்சா 40,000. அடுத்து ஃப்ளாட்டுல ஃப்ளாட்டைக் கழிங்க. தூசி, பிக்சலுக்குப் பிக்சல் இருக்கற வித்தியாசம் எல்லாம் அடிபட்டுப் போய், ஃபோட்டான் நாய்ஸும் (ஃபோட்டான் ஒழுங்கில்லாம வந்து விழறதால வர்ற ஏற்ற இறக்கம்) ரீட் நாய்ஸும் மட்டும் மிஞ்சும். அதோட வேரியன்ஸ் (எண்கள் எவ்ளோ சிதறியிருக்குங்கற அளவு) 26,700னு வைங்க. பயஸ் வித்தியாசத்தோட வேரியன்ஸ் 32. 40,000-ஐ 26,668-ஆல வகுத்தா 1.5. ஆக பயஸ் கழிச்ச 20,000, 30,000 எலக்ட்ரான்! ரீட் நாய்ஸும் இதுலயே கெடைக்குது: 32-ல பாதி 16, அதோட வர்க்கமூலம் 4, அதை 1.5-ஆல பெருக்கினா 6 எலக்ட்ரான்.

ஃப்ளாட்டை 60,000 வரைக்கும் ஏத்தாதீங்க. பிக்சல் நிரம்பினா வேரியன்ஸ் படுத்துடும், கெய்ன் பொய்யா கூடுதலா வரும். கழிக்கறதுக்கு முன்னாடி ஃபைலை ஃப்ளோட்டா (மைனஸும் தசமமும் தாங்கற எண் வடிவம்) மாத்திடுங்க. கழிச்ச படத்துல அங்கங்க 65,530 மாதிரி எண் இருந்தா, மைனஸ் வரவேண்டிய பிக்சல் 16 பிட்டுல சுத்திக்கிட்டு மேல போய் நிக்குதுன்னு அர்த்தம்.